துருப்பிடித்த ஸ்க்ரூ, பழைய வெண்டிங் மெஷின்: வெஸ்ஸல் இம்பாக்டா எதுவரை உதவும்?

பழைய டின் பான வெண்டிங் மெஷினைப் பிரிக்க ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால், துரு ஸ்ப்ரேயைத் தள்ளிவைத்துவிட்டு ஜப்பானின் வெஸ்ஸல் கம்பெனி செய்யும் 980 இம்பாக்டா ஸ்க்ரூடிரைவரை வாங்கலாம். நம்பர் 2 முனை, 100 மில்லிமீட்டர் தண்டு உள்ளது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பள்ளி கேண்டீன், எண்ணெய் நிலையம், ஆலை வாசல் என்று நிற்கும் மெஷின்களில் ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தவையும் உண்டு. அந்த ஸ்க்ரூக்களுக்கு அளவெடுத்துச் செய்தது போல உட்காரும் டிரைவர் இது. குறைகளும் இருக்கின்றன.

முதலில் முனை. ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல் குழி ஜேஐஎஸ் அளவு, அதாவது ஜப்பானியத் தொழில் தர அளவு. பார்த்தால் ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் ஜேஐஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிப்ஸ் முனை இந்தக் குழியின் அடிவரை இறங்காது. மேலே தொற்றிக்கொண்டு நிற்கும், பலம் கொடுத்ததும் ஏறி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் குழி வட்டமாகிவிடும். துரு இறுகியதைவிட இப்படிக் குழி தேய்ந்துதான் பாதி ஸ்க்ரூக்கள் கெடுகின்றன. எம்3 முதல் எம்5 வரை நம்பர் 2 முனை, எம்6-க்கு நம்பர் 3 (எம் எண் என்பது மில்லிமீட்டரில் மரையின் விட்டம்). மெஷின் பின்தகடு, காயின் பெட்டித் தாங்கி, கூலிங் யூனிட் மூடி எல்லாம் பெரும்பாலும் எம்4, எம்5 என்பதால் நம்பர் 2 ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

இம்பாக்டாவின் தலையில் சுத்தியலால் அடித்தால் முனை இடப்பக்கமாகச் சுமார் 12 பாகை திரும்பும். அடி ஸ்க்ரூவை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புவதால் முனை ஏறி வழுக்க வழியில்லை. அதிர்ச்சியில் மரையைக் கவ்விய துருவும் உடையும். பயன்படுத்தும் விதம்: கம்பி பிரஷால் தலையைத் தேய்த்து, குழிக்குள் இருக்கும் மண்ணையும் பெயிண்டையும் ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். இதை விட்டால் எந்த முனையும் அடிவரை இறங்காது. முனையைச் செங்குத்தாக வைத்து, பிடியை இடப்பக்கம் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரைக் கிலோ சுத்தியலால் நேராக அடிக்கவும். ஓங்கி ஒரே போடு போடுவது வேண்டாம். அளவான அடி நாலைந்து போதும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அசைந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் உதிர்ந்த துருத்தூள் மரையில் சிக்கி எம்4 கழுத்தோடு ஒடியும்.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அரை அங்குல சதுரத் தலை கொண்ட கனத்த இம்பாக்ட் டிரைவர் இதே தத்துவம்தான். மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்கு அது சரி. மெஷினின் மெல்லிய தகட்டில் அடித்தால் ஸ்க்ரூ கழலுவதற்கு முன் தகடு குழிந்துவிடும்.

இம்பாக்டா கைவிடும் இடம் ஒன்று உண்டு, பலரும் தடுமாறுவது அங்கேதான். போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. தகட்டில் மரை போடுமளவு கனம் இல்லாததால் பல இடங்களில் ரிவ்நட் பதித்திருப்பார்கள். தகட்டின் துளைக்குள் நசுக்கி நிற்கவைத்த குழாய் நட்டு அது. போல்ட்டும் ரிவ்நட்டும் துருவில் ஒன்றாகிவிட்டால், தகட்டுத் துளைக்குள் இரண்டும் சேர்ந்தே சுற்றும். இதற்கு மேல் அடிக்க அடிக்கத் துளைதான் பெரிதாகும். உடனே நிறுத்திவிட்டு, பின்பக்கம் கை போனால் ரிவ்நட்டின் உடலை லாக்கிங் பிளையரால் கவ்விப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்புங்கள். கை போகாத இடமென்றால் போல்ட் தலையைத் துளைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை: எம்5 போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் பிட், நடுவில் பஞ்ச் குத்து, மெதுவான வேகம், ஒரு துளி எண்ணெய். துளைக்கும்போது போல்ட்டும் கூடவே சுற்றினால், தலைக்கு அடியில் மெல்லிய உளியைச் செருகி நெம்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை போனதும் தகடு கழன்று வரும். மிச்சத்தை ரிவ்நட்டோடு உள்ளே தள்ளிவிட்டுப் புதிய ரிவ்நட் பதிக்கலாம்.

ஒடிந்த ஸ்க்ரூவுக்குள் துளையிட்டுச் செருகித் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வாங்கச் சொல்வார்கள். எம்5-க்குக் கீழே தொடவே வேண்டாம். அது கடினமாக்கிய எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது. துளைத்துப் புது மரை போடுவதே மேல்: எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5.0 மில்லிமீட்டர் பிட்.

இனி ஸ்ப்ரே. எல்லாக் கடையிலும் கிடைக்கும் நீல மஞ்சள் டப்பா டபிள்யூடி-40, 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான மருந்து. லேசான துருவுக்கு அதுவே போதும். இறுகிப்போனதற்குப் பெனட்ரேட்டிங் ஆயில் என்று டப்பாவிலேயே போட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். தாராளமாக அடிப்பதால் பலன் கூடாது: குழாய் முனையால் இரண்டு மூன்று துளி, சுத்தியலால் லேசான தட்டு, அரை மணி நேரம், மறுபடி இரண்டு துளி. அடிப்பாகத்து போல்ட்டென்றால் ஒரு ராத்திரி ஊறட்டும். வழிந்தோடினால் கம்ப்ரசருக்குக் கீழே இருக்கும் ரப்பர் குஷன் ஊதிப் பதம் கெடும். பெட்ரோலிய எண்ணெயும் ரப்பரும் ஆகாது என்பதைத் தோட்டத்து ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டோ கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிப் பாதி கலக்கும் கைவைத்தியம் மெஷினுக்கு வேண்டாம். முன்பக்க அக்ரிலிக் தகட்டில் ஒரு துளி பட்டாலே வெடிப்பு ஓடும். டப்பா ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கக்கூடியது. பிளக்கைக் கழற்றாமல் கம்ப்ரசர் ரிலே பக்கத்தில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது.

பட்டறையில் உடனே கேஸ் டார்ச்சை எடுப்பார்கள். லாரிக்கு அது சரி, இங்கே வேண்டவே வேண்டாம். மெஷினின் சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. எரிந்தால் அதன் புகையில் சயனைடு வாயு வரும். குளிர்வாயுக் குழாய்களும் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவற்றில் இருக்கக்கூடிய குளிர்வாயுக்களில் ஆர்134ஏ தீயில் பட்டால் நச்சு வாயுவாகும், ஆர்600ஏ தானே தீப்பிடிக்கும். சூடு தேவைப்பட்டால் 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் சில நிமிடம் வைத்தால் போதும். விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

கேண்டீன் தரையைத் தினமும் ஹோஸ் பைப்பால் கழுவுவதால் முதலில் போவது அடிச்சட்டத்து அறுகோண போல்ட்டுகள். இங்கே இம்பாக்டாவுக்கு வேலையில்லை. ஆறு முக சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் வேண்டும்; பன்னிரண்டு முக சாக்கெட் துருவேறிய தலையை உருட்டிவிடும். ஜப்பான் மெஷினில் எம்8 தலை 12 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம், இரண்டையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்க மெஷினில் அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர். 13 சாக்கெட் அதில் ஏறும், உட்கார்ந்தது போலவும் தெரியும், அந்த 0.3 இடைவெளியில்தான் மூலை மழுங்கும். காலி மெஷினே 200 கிலோவைத் தாண்டலாம் என்பதால், கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுக்காமல் அடியில் கை நுழைக்காதீர்கள்.

இம்பாக்டாவின் குறைகள்: அடித்தால் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். முனையை மாற்ற முடியாது, தேய்ந்தால் மொத்த டிரைவரும் போச்சு. தண்டு தலைவரை இரும்பு, மின்சாரம் ஓடும் இடத்தில் வைக்கக் கூடாது. தோட்டப் பட்டணத்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது; ஈப்போவிலோ ஆன்லைனிலோதான் தேட வேண்டும். குழி ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தால் இதனால் பயனில்லை. அதற்கு ‘எஞ்சினியர்’ என்ற ஜப்பான் கம்பெனியின் நெஜிசாரஸ் பிளையர் பிஇசட்-58 நல்லது. அதன் மூக்கில் நெடுக்காகவும் பல் வெட்டியிருப்பதால், தலையைப் பக்கவாட்டில் கவ்வித் திருப்பலாம். 3 முதல் 9.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தலை வரை பிடிக்கும். தகட்டோடு தட்டையாக இறங்கிய தலையை அதனாலும் பிடிக்க முடியாது.

திரும்ப மாட்டும்போது பழைய ஸ்க்ரூவைத் துடைத்துப் போடுவது வீண். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, மரையில் மெல்லிய பூச்சாக, மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ், தகட்டுக்கும் தலைக்கும் நடுவே நைலான் வாஷர். குளிரில் சொட்டும் நீரைப் பிடிக்கும் கண்டென்சேட் தட்டின் வடிகுழாய் அடைத்திருந்தால் அதையும் ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள்; அங்கே வழியும் தண்ணீர்தான் அடிச்சட்டத்தில் போய்த் தேங்குகிறது.