லட்சத்தீவு ‘பேக்கேஜ்’: பாதிப் பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

‘அகத்தி, பங்காரம், 4 நாள், பெர்மிட் உட்பட. பாதி முன்பணம், மீதி கப்பல் ஏறும்போது.’ கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் விளம்பரம் இது. இதை நம்பி ஒரு குடும்பத்தில் நாலு பேர் பாலக்காட்டில் ரயிலேறி, எர்ணாகுளத்தில் இறங்கி, கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவில் கப்பல் ஏறும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள். பெர்மிட்டில் இருந்தது இரண்டு பேர் பெயர்தான். டிக்கெட் என்று தரகர் அனுப்பியிருந்தது, பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் ஸ்கிரீன்ஷாட். அவருடைய போன் காலையிலிருந்தே ஸ்விட்ச் ஆஃப்.

பெர்மிட், பயணச்சீட்டு, தங்குமிடம் மூன்றும் தனித்தனி. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றும் இருப்பதாகக் காட்டுவதுதான் இந்த வியாபாரம்.

பெர்மிட்டிலிருந்து பார்ப்போம். 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி தீவுக்காரர் அல்லாதவர் நுழைய அனுமதி வேண்டும். அதில் பெயர், தேதி, தீவு எல்லாம் இருக்கும். அகத்திக்கு வாங்கியதை வைத்துக் கல்பேனியில் இறங்க முடியாது. வாங்க முக்கியமாக இரண்டு வழி. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவான ‘ஸ்போர்ட்ஸ்’ நடத்தும் பேக்கேஜில் சேரலாம். அல்லது தீவுக்காரர் ஒருவர் ஸ்பான்சராக நிற்க வேண்டும். தரகர்கள் விளையாடுவது இரண்டாவதில். நீங்கள் ஊர் திரும்பும்வரை உங்களுக்குப் பொறுப்பு அந்த ஸ்பான்சர். அவர் பெயரை அவருக்கே தெரியாமல் போட்டிருந்தால், ‘இவங்க யாருன்னே தெரியாது’ என்று அவர் சொன்ன நிமிஷம் பயணம் முடிந்தது. பணம் கட்டும் முன்பே ஸ்பான்சரின் நம்பரை வாங்கி அவரிடமே பேசுங்கள். மினிக்காய் தவிர மற்ற தீவுகளில் பேச்சு மலையாளத்தின் ஒரு வகைதான். எல்லைக்காரர்களான நமக்கு அது ஒரு சிரமமா? நம்பர் கொடுக்கத் தயங்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

இ-பெர்மிட்டுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். ‘பெர்மிட் செலவு’ என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் அது தரகரின் கூலி. போலீஸ் சான்று கேட்கும் இடத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடியிருப்பது பாலக்காடு மாவட்டம், ஆதாரில் பொள்ளாச்சி முகவரி என்றால் விண்ணப்பம் தடைபடலாம். முகவரியைச் சரிசெய்துவிட்டு, கேரளம் என்றால் கேரளக் காவல்துறையின் ‘துணா’ தளத்திலும், தமிழ்நாடு என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் நீங்களே விண்ணப்பியுங்கள்.

அடுத்து கப்பல். கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். ‘கேபின்’ என்று காசு வாங்கிவிட்டுப் பங்க் கிளாஸ் கொடுப்பது பழைய தந்திரம். பங்க் என்றால் பெரிய கூடத்தில் வரிசைப் படுக்கை. வயதானவர்களுக்கு அந்த இரவு கஷ்டம். டிக்கெட்டில் வகுப்பும் படுக்கை எண்ணும் இல்லாவிட்டால் அது டிக்கெட்டே இல்லை. கால அட்டவணை கடலைப் பொறுத்து மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணம் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் மலிவாக வரும் ‘ஆஃபர்’ எல்லாம் கப்பல் ரத்தாகும் என்று தெரிந்தே விற்பது. மற்ற மாதங்களிலும் திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்றால் அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். ஓடுபாதை ஏறக்குறைய 1,200 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்காது. ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானம், கொஞ்சம் சீட்டு. ‘டிக்கெட் பிளாக் பண்ணியாச்சு’ என்பார்கள். பிஎன்ஆரை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். போக மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப எடுக்காமல் விடுவதும் நடக்கிறது.

தீவுக்குப் போன பிறகும் கறப்பார்கள். பல இடங்களில் கப்பல் வெளிக்கடலில் நிற்கும், ஆடும் சிறு படகுக்குத் தாவி இறங்க வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அகத்தியிலிருந்து பங்காரம் போக மறுபடி படகு; அந்தக் கட்டணம் பேக்கேஜில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அடங்கும் என்று வாயால் சொன்னது ஜெட்டியில் செல்லாது. ‘ஸ்கூபா’ என்று எழுதியிருப்பது பல நேரம் தீவை ஒட்டிய ஆழமில்லாத லகூனில், மூச்சுக்குழாயான ஸ்நார்கலை மாட்டிக்கொண்டு மிதப்பதுதான். பவளத் துண்டைப் பையில் போட்டுவராதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்க ஸ்டேஷன் அந்தப் பக்கம் போகச் சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்கள். எல்லையைக் காட்டி மறுக்க முடியாது. யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரப் படம், தரகர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து அவர் உங்களை நீக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.