ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் தேங்குகிறதா? கம்பி, வெந்நீர், ஒரு நாள் ஆஃப்: எது சரிப்படும்?

காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர், துடைத்தால் மறுநாள் மறுபடியும் தண்ணீர். உடனே கேஸ் லீக், கம்ப்ரசர் போச்சு என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உருகிய ஐஸ் தண்ணீர் வெளியேறுகிற குழாய்தான் அடைத்திருக்கும். அடைத்தது அழுக்கா ஐஸா என்று முதலில் பாருங்கள், எந்த வழி என்பது அதைப் பொறுத்ததுதான்.

பல சிங்கிள் டோர் மாடல்களில் இந்தக் குழாயின் ஓட்டை உள்ளே பின்சுவரிலேயே தெரியும். அந்த இடத்தில் தண்ணீர் உறைவது அபூர்வம், அதனால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். எங்கள் வீட்டில் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை விட்டு இழுத்தபோது கறிவேப்பிலை ஒன்று கறுத்துக் கூழாகி, வழவழவென்று நூல் மாதிரி நீண்டு வந்தது. இதற்குக் கம்பி போதும், ஐந்து நிமிட வேலை. ஈர்க்குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்தால் அதுவே அடைப்பாகிவிடும்.

டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ கதை வேறு. ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும், குளிர் தருகிற காயிலில் படிகிற பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும், அந்தத் தண்ணீர் கீழே ஓட்டை வழியாக இறங்கி கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் விழுந்து அந்தச் சூட்டில் ஆவியாகும். ஓட்டையிலேயே ஐஸ் கட்டிவிட்டால் ஃப்ரீசர் தரையில் பாளம் பாளமாக ஐஸ் படியும். இங்கே கம்பியால் குத்துவது வீண். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போகாதீர்கள், காயில் குழாய் ஓட்டையானால் பெரிய செலவு, அதோடு இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டுவதற்காக உள்ளே அடைத்திருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய வாயு.

ஒரு நாள் ஆஃப் செய்து கதவைத் திறந்து வைப்பது பாதுகாப்பான வழி, ஐஸ் முழுக்க உருகிவிடும். ஆனால் பால், மாவு, மீன் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், குழாய்க்குள் இருக்கிற பாசியும் அப்படியேதான் இருக்கும்.

என் ஓட்டு வெந்நீருக்கு. பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய டியூபைச் செருகி, ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீரை விடுங்கள், டியூப் ஐஸை உருக்கிக்கொண்டே கீழே இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். பின்னால் தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் திடீரென்று சளசளவென்று கொட்டும், அப்போது அடைப்பு எடுத்துவிட்டது என்று அர்த்தம். தட்டு நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் வேகம்தான், ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதால் நான் சொல்ல மாட்டேன்.

சில வாரத்திலேயே மறுபடி ஐஸ் கட்டினால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், லேசாக உருவிக்கொண்டு வரக் கூடாது. ரப்பர் சரியாக இருந்தால் ஹீட்டரைப் பார்க்க மெக்கானிக்தான். ஹீட்டரில் கெட்டியான செம்புக் கம்பியைச் சுற்றி ஒரு முனையை ஓட்டைக்குள் தொங்கவிடச் சொல்லுங்கள், ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் கம்பி வழியாகச் சூடு இறங்கி ஓட்டை உறையாது.

அப்புறம், குழாய் சரியானதும் பின்னால் இருக்கும் தட்டில் மறுபடி தண்ணீர் சேர ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு முட்டை தட்டின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.