250 கோடி இஸ்க் போச்சு: பெரிய பொட்டலத்தைத் தூக்காதீங்க

நேற்று ராத்திரி ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் 250 கோடி இஸ்க் (ஆட்டத்துப் பணம்) பறிகொடுத்தேன். அதோடு போன சாரான் என்ற என் பெரிய சரக்குக் கப்பல் தனிக்கணக்கு. இன்னும் ஆத்திரம் அடங்கலை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது ஆட்களுக்குச் சரக்கு ஓட்டக் கற்றுத்தருவதாகச் சொல்லிச் சேர்க்கும் ஒரு கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர் குழு) சேர்ந்திருந்தேன். வாய்ஸ் சாட்டில் ஒருத்தர் திடீரென்று தமிழில் பேசினார். "தம்பி, சாரான் வெச்சுக்கிட்டு ஏன் சும்மா நிக்கிறீங்க?" எத்தனையோ மாதமாக ஆங்கிலத்தில் திக்கித் திணறியவனுக்கு அந்தத் "தம்பி" போதுமானதாக இருந்தது.

2014 ஜூனில் குரோனோஸ் என்ற அப்டேட் வரும்வரை ஃபிரைட்டரில் (சாரான் மாதிரி பெரிய சரக்குக் கப்பலில்) எதையும் மாட்ட முடியாது. அப்புறம்தான் அடிப்படைக் கொள்ளளவைக் குறைத்து கருவி மாட்ட மூன்று இடம் (லோ ஸ்லாட்) கொடுத்தார்கள். பல்க்ஹெட் மாட்டினால் உடம்பு கெட்டி, இடம் குறைவு. கார்கோ எக்ஸ்பாண்டர் மாட்டினால் இடம் பெரிது, உடம்பு அப்பளம். எதை மாட்டுவது என்பது நம் கையில் என்று நினைத்தேன். என் பொட்டலம் அதை முன்பே முடிவு செய்துவிட்டிருந்தது.

கான்ட்ராக்ட்டில் (சரக்கைக் கொண்டுசேர்க்கும் ஒப்பந்தம்) பொட்டலம் 9,80,000 கன மீட்டர். கூலி 6 கோடி, கொலாட்டரல் (சரக்கு சேராவிட்டால் நான் இழக்கும் ஈட்டுத்தொகை) 250 கோடி. ஓட்டும் திறன் உச்ச நிலையான 5ல் இருந்தால், எதுவும் மாட்டாத சாரான் 5,81,250 பிடிக்கும். டெக் 2 எக்ஸ்பாண்டர் இரண்டு போட்டால் 9,44,000 சொச்சம். மூன்றும் போட்டால்தான் ஏறும். "மூணும் எக்ஸ்பாண்டரே போடுங்க தம்பி, இப்ப எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க. வழி சுத்தம், நான் பாத்துட்டேன்" என்றார். "சரிண்ணே" என்று ஏற்றினேன்.

வழியில் உய்டாமா. 0.5 பாதுகாப்பு உள்ள நட்சத்திர மண்டலம், கான்கார்ட் (ஆட்டத்துப் போலீஸ்) வந்து சேர நேரமாகும் இடம். கேட்டில் (மண்டலங்களை இணைக்கும் வாசல்) இறங்கி வார்ப்புக்கு (அதிவேகப் பாய்ச்சல்) திரும்புகிறேன், ஒரு மேக்கரியல் போர்க்கப்பல் வந்து இடித்தது. மறுபடி திரும்பினேன், மறுபடி இடித்தது, வார்ப் ஆகவே விடவில்லை. பிறகு கேட்டலிஸ்ட் என்ற சின்னத் தாக்குதல் கப்பல்கள் கூட்டமாக வந்து விழுந்தன. ஹல் (கப்பல் உடம்பு) பட்டை வடிந்து முடிந்தபிறகு கான்கார்ட் வந்து அவர்களை வெடிக்க வைத்தது. அதனால் எனக்கென்ன? கொலாட்டரல் போய்ச் சேர்ந்தது கான்ட்ராக்ட் போட்டவனுக்கு. உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

அண்ணனிடம் கேட்டேன். முதலில் "சாப்பிட்டுட்டு வரேன்". ஒரு மணி நேரம் கழித்து "ஸ்கவுட் போடாம யாராவது போவாங்களா?" (ஸ்கவுட் என்றால் முன்னால் போய் வழி பார்க்கும் ஆள்.) வழி சுத்தம் என்றது நீங்கள்தானே என்றதும் "அளவு கான்ட்ராக்ட்லயே இருந்துச்சே, படிக்கலையா?" இதில் "தம்பி" இல்லை. காலையில் பார்த்தால் என்னைச் சேனலிலிருந்தே தூக்கியிருந்தார்கள். ஆட்டத்துக்குள் ஏமாற்றுவதை விதியே அனுமதிக்கிறது, எங்கே போய் முறையிட? 250 கோடி!

விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு: கூலியைப் பார்க்கும் முன் கன மீட்டரைப் பாருங்கள். மூன்று எக்ஸ்பாண்டர் கேட்கும் பொட்டலத்தோடு கொலாட்டரலும் பெரிதாக இருந்தால் தொடாதீர்கள். உங்கள் இரண்டாவது கேரக்டரையே ஒரு கேட் முன்னால் ஓட விடுங்கள்.

இப்போதுதான் பார்த்தேன், அதே கான்ட்ராக்ட் மறுபடி ஏறியிருக்கிறது. அதே 9,80,000. கூலி மட்டும் 7 கோடி.