தீவு ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கு யார் தலைமை?

தீயணைப்போராகச் சேர்ந்து பதவி உயர்வில் வந்த நிலைய அலுவலரா, நேரடித் தேர்வில் வந்த இளைஞரா? ராமேசுவரத்தை மனத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சந்துகளும் கூட்டமும்:
உயர்வில் வந்தவர் – வண்டி நுழையாத இடத்தில் ஹோஸை எத்தனை பேர் இழுக்க வேண்டும் என்பது கைப்பழக்கம். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இதுதான் உயிர் காக்கும்.
நேரடியாக வந்தவர் – முதல் திருவிழா வரை திணறுவார்.

விடுதி ஆய்வு, தடையின்மைச் சான்று:
இதில் இளைஞர் முந்துவார். விதியைக் காட்டி முகம் பார்க்காமல் மறுப்பார்.

புயல்:
1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பெரும்புயலில் பாம்பன் பாலம் அடைபட்டால் எதிர்க்கரை ஊரான மண்டபத்திலிருந்து ஒரு வண்டிகூட வராது. தீவே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அப்போது படகுக்காரர்களை அண்ணே, மாப்ளே என்று கூப்பிட்டு வரவைக்கும் உறவு வேண்டும். அது பெரும்பாலும் மூத்தவரிடமே இருக்கும்.

விடுதிகள் பெருகும் ஊர்ப்பகுதிக்கு இளைஞர் சரி. கோயிலும் கடலும் சூழ்ந்த தீவுக்கு என் ஓட்டு மூத்தவருக்கு, ஆய்வுக்குத் துணையாக ஓர் இளைஞரோடு. யார் வந்தாலும் மூன்று ஆண்டாவது மாற்றாமல் விடுங்கள்.