பணத்தைக் கட்டிய பிறகுதான் பெட்டி வெளியே வரும்: லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒரே லென்ஸில் எல்லாப் படமும் எடுக்க வேண்டும், ஆனால் 400 வெள்ளிக்கு மேல் செலவழிக்க முடியாது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். சிங்கப்பூர் நகர மையத்தில் உள்ள ஒரு கடைத்தொகுதியில் எனக்கு நடந்தது இது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5300 கேமரா. அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் வீட்டுக்குப் போதும், தைப்பூசத்துக்குப் போதாது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடியோடு நடக்கும்போது அலகு குத்திய முகமும் வேண்டும், முழுக் காவடியும் வேண்டும். ஒரு கையில் மகனைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் லென்ஸ் மாற்ற முடியாது. அதனால்தான் அகலக் காட்சியையும் தூரத்து முகத்தையும் ஒன்றிலேயே எடுக்கும் டாம்ரான் நிறுவனத்தின் 18-200 லென்ஸ் என்று முடிவு செய்தேன்.

இந்த 18-200 இரண்டு தலைமுறையாக வந்தது. 2015-இல் வந்த பி018 மாடலில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விசி உண்டு, தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஏ14 மாடலில் விசி கிடையாது. நிக்கானுக்கு வந்த ஏ14-களில் மோட்டார் இல்லாதவையும் இருக்கின்றன. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் (என் டி5300-உம் இதில் சேரும்) உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத லென்ஸை இவற்றில் மாட்டினால் வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நகரும் காவடியை அப்படிப் பிடிக்கவே முடியாது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லித்தான் கேட்டேன். தமிழ்ப் பையன். “விசி இருக்குக்கா, மோட்டாரும் உள்ள இருக்கு. நம்ம ஆளுங்களுக்குப் போய்த் தப்பாக் கொடுப்பேனா?” என்றார். விலை 330 வெள்ளி. “சரக்கு மேல் மாடியில இருக்கு, பணம் கட்டினாத்தான் எடுத்துத் தருவாங்க” என்று சொல்லி கார்டில் பணம் கட்டும் நெட்ஸ் கருவியை நீட்டினார். ரசீதைப் பார்த்தால் 390 போயிருந்தது. கூடுதல் 60 ஒரு ஃபில்டருக்காம், அது இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாதாம். சுத்தப் பொய். ஃபில்டர் போடுவதற்கும் உத்தரவாதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்து அவர் கொண்டுவந்தது நான் கேட்ட லென்ஸே அல்ல. கேள்விப்படாத பெயர் போட்ட வேறொன்று, 690 வெள்ளி. “நீங்க கேட்டது நிறம் வெளிறிடும்க்கா, இதுதான் உங்க கேமராவுக்குச் சரி” என்று இரண்டு படங்களைக் காட்டினார். வேண்டாம் என்றதும் வயதான ஒருவர் வந்து அதையே சொன்னார். நான் நகரவில்லை. கடைசியில் முத்திரையிட்ட ஒரு பெட்டி வந்தது. இங்கே பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லி, பிரிக்க விடவில்லை.

வீட்டில் பிரித்தால் உள்ளே இருந்தது ஏ14. விசி இல்லை, மோட்டார் இல்லை. ரசீதில் ‘டாம்ரான் 18-200’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மறுநாள் போய்க் கேட்டபோது, “நீங்க கேட்டதத்தானே எழுதியிருக்கோம்?” என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தமிழில் அக்கா என்று கூப்பிட்டு ஏமாற்றியது இன்னும் வலிக்கிறது.

இது புதிய தந்திரம் அல்ல. 2014-இல் சிம் லிம் சதுக்கம் என்ற மின்னணுக் கடைத்தொகுதியில் ஐஃபோன் வாங்க வந்த வியட்நாம் பயணியிடம் 950 வெள்ளி வாங்கிக்கொண்டு, பிறகு உத்தரவாதத்துக்கு என்று மேலும் 1,500 கேட்டதும், அவர் மண்டியிட்டுக் கெஞ்சியதும் பலருக்கு நினைவிருக்கும். பணம் அவர்கள் கைக்குப் போனதும் பேச்சு மாறிவிடுகிறது. அதனால் பெட்டியைத் திறந்து, உங்கள் கேமராவிலேயே மாட்டி, ஃபோகஸ் ஆகிறதா என்று பார்க்கும்வரை கார்டை வெளியே எடுக்காதீர்கள். மாடல் எண், விசி, உள்ளூர் சரக்கா இறக்குமதிச் சரக்கா என்பதெல்லாம் ரசீதில் எழுத்தாக வர வேண்டும். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளைத் தந்தாலும் கடை பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். நான் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போனேன். அவர்களுடைய கடிதத்துக்குக் கடை பதில் போடவில்லை. அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனுப் போட்டேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் வைக்கவே கூடாது. வாங்குவதற்கு முன் அந்தப் பையனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் ‘விசி’ என்று நான் கேட்டதும் அவர் ‘யெஸ்’ என்றதும் இருந்தன. மன்றத்தின் ஆலோசனைக் கூட்டத்தில் அதைக் காட்டியதும் கடைக்காரர்கள் 330-ஐத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ஃபில்டர் பணம் வரவில்லை.

பிறகு பி018-ஐப் பழையதாக 180 வெள்ளிக்கு ஒருவரிடம் வாங்கினேன். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, கேமராவில் மாட்டிப் பார்த்து, டார்ச் அடித்துச் சோதித்த பிறகே பேநவ் வழியாகக் கைப்பேசியில் பணம் அனுப்பினேன். டார்ச் அவசியம். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம், வெளிச்சம் பாய்ச்சினால்தான் நூல் நூலாகத் தெரியும். வாங்கிய பிறகும் 40-50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வைத்தால் நல்லது.

பிள்ளைகளின் பரதநாட்டியத்தை அரங்கில் எடுக்க 18-200 உதவாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். 200-இல் வெளிச்சம் புகும் அதன் துளை எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது). விசி உங்கள் கை அசைவைத்தான் சமாளிக்கும், ஆடும் பிள்ளையின் அசைவை அல்ல. மேடைக்குக் கிட்டப் போய் எடுக்க முடியும் என்றால் நிக்கான் 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ் லென்ஸைப் பழையதாகத் தேடுங்கள். எஃப்/6.3-ஐவிட ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும், மோட்டாரும் லென்ஸிலேயே இருக்கிறது.