எல்லாருக்கும் டவுனா, நமக்கு மட்டுமா? சோதிக்கும் கருவிகளை எவ்வளவு நம்பலாம்

ரேஷன் கடையிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் 'சர்வர் டவுன்'. பல நேரம் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். நம் மோடம், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துக்கொண்டு இடையில் நிற்கும் சிடிஎன் என்று வேறொன்று படுத்திருக்கும். எது படுத்திருக்கிறது என்று சொல்வதற்கென்றே இலவசக் கருவிகள் உண்டு. வருடக்கணக்கில் புழங்கினால் ஒன்று புரியும்: ஒவ்வொன்றும் தவறும், ஆனால் ஒவ்வொன்றும் தவறும் விதம் வேறு.

கருவிக்குப் போகுமுன் திரையில் வந்த பிழையைப் படிப்பது நல்லது. 502, 503, 504 என்று எண் வந்தால் நம் கோரிக்கை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் நெட்டைக் குறை சொல்ல வேண்டாம், மோடத்தை அணைத்துப் போடவும் வேண்டாம். 521, 522 எல்லாம் பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் சிடிஎன் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் தரும் எண்கள். அந்தப் பக்கத்தில் பிரவுசர், கிளவுட்ஃபிளேர், தளத்தின் சர்வர் என்று மூன்று படங்கள் வரிசையாக இருக்கும். எதன்மேல் பெருக்கல் குறியோ அதுதான் குற்றவாளி. 403, 429 வந்தால் பெரும்பாலும் தளம் உயிரோடு இருக்கிறது, உங்களைத்தான் உள்ளே விடவில்லை. விபிஎன் (வேறு ஊர் வழியாக நெட்டைத் திருப்பும் செயலி) போட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். எண்ணே வராமல் 'முகவரி கிடைக்கவில்லை' என்று பிரவுசரே சொன்னால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம்: நெட் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 (கூகுள்) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற பிழை எல்லாத் தளங்களிலும் வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்த பழைய டெஸ்க்டாப்பில் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும்.

அடுத்து வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறப்பது. எல்லாரும் செய்வதுதான், ஆனால் வீட்டு ஃபைபரும் சிம்மும் ஒரே கம்பெனி என்றால் இந்தச் சோதனைக்குப் பாதி மதிப்புதான். இரண்டும் போய்ச் சேரும் முதுகெலும்பு ஒன்றே. வேறு கம்பெனி சிம் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் வாங்கிப் பாருங்கள்.

இனிக் கருவிகள். 'டவுன் ஃபார் எவ்ரிஒன் ஆர் ஜஸ்ட் மீ' 2008-ல் அலெக்ஸ் பெயின் தொடங்கியது. வேலை மிக எளியது: நீங்கள் தரும் முகவரியை அதன் சர்வர் ஒருமுறை தட்டிப் பார்த்துச் சொல்லும். பெரிய தளம் முழுதாக முடங்கினால் ஐந்து நொடியில் பதில் கிடைக்கும். ஆனால் அது தட்டுவது முகப்புப் பக்கத்தை மட்டும். லாகின், பணம் செலுத்தும் இடம், ஓடிபி எது செத்திருந்தாலும் முகப்பு சிரித்துக்கொண்டிருக்கும், கருவியும் 'நலம்' என்றே சொல்லும். நேர்மாறான தவறும் உண்டு. இந்திய அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டு ஐபியை (இணைய முகவரி எண்ணை) உள்ளே விடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து தட்டும் கருவிக்கு அது மூடிய கதவாகத் தெரியும். 'எல்லாருக்கும் டவுன்' என்று அறிவித்துவிடும். இதை நம்பி வேலையை நாளைக்குத் தள்ளியவர்கள் நிறைய.

இந்த ஓட்டையை அடைப்பது செக்-ஹோஸ்ட். பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் சோதித்து வரிசையாகக் காட்டும். சர்வர் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் பொத்தானை விட்டுவிட்டு, பக்கத்தையே கேட்டுப் பார்க்கும் எச்டிடிபி பொத்தானை அழுத்துங்கள். பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி பூட்டப்பட்டவை, அதனால் பிங் தோற்றது எதையும் நிரூபிக்காது. எல்லா ஊரிலிருந்தும் 200 (பக்கம் சரியாக வந்தது என்பதற்கான எண்) வந்தால் கோளாறு நம் பக்கம். இந்தியாவில் மட்டும் திறந்து மற்ற ஊர்களில் பதில் வராமல் நேரம் கடந்தால் அது நாட்டுத் தடை, முடக்கம் அல்ல. பாதிக்குப் பாதி என்றால் சிடிஎன் அல்லது பாதைச் சிக்கல். அப்போது விபிஎன் மூலம் வேறு ஊர் வழியாகப் போனால் பெரும்பாலும் திறக்கும். தோற்றம் பழசு, விளம்பரம் அதிகம். ஆனாலும் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

டவுன்டிடெக்டர் வேறு சாதி. அது எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. மக்கள் தரும் புகார்களை எண்ணி, அந்த நேரத்துக்கு வழக்கமான அளவோடு ஒப்பிடுகிறது. ஆகவே எண்ணிக்கையைவிடக் கோட்டின் வடிவமே முக்கியம். பெரிய சேவைக்கு நாள் முழுக்க நாலு புகார் வந்துகொண்டுதான் இருக்கும். பத்து நிமிடத்தில் கோடு செங்குத்தாக எழுந்தால்தான் செய்தி. கீழே உள்ள கருத்துகளில் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். எல்லாரும் ஒரே ஊர், ஒரே நெட் என்றால் கோளாறு சேவையில் இல்லை. பழியும் இடம் மாறி விழும்: வாட்ஸ்ஆப் நின்றால் சிம் கம்பெனியைத் திட்டுவார்கள், சிம் கம்பெனி நின்றால் வாட்ஸ்ஆப்பை. இரண்டு கோடும் சேர்ந்து எழுந்தால் எது உயரம் என்று பாருங்கள். சிறிய சேவைகளுக்கு இது பயன்படாது, புகார் செய்யவே ஆள் இருக்காது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் தடுமாறியபோது டவுன்டிடெக்டரே பலருக்குத் திறக்கவில்லை. அதுவும் அதே கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால்தான் இருந்தது.

சேவை எப்படி இருக்கிறது என்று நிறுவனங்களே அறிவிக்கும் ஸ்டேட்டஸ் பக்கத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 முடங்கியபோது, அமேசானின் ஸ்டேட்டஸ் பக்கமும் எஸ்3-யைச் சார்ந்திருந்ததால் அதைத் திருத்தவே முடியாமல் போனது. பல பக்கங்களை மனிதர்தான் கையால் மாற்றுகிறார்கள். கால் மணி, அரை மணி தாமதம் சகஜம். நேரம் யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 'எப்போது சரியாகும்' என்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 'காரணம் கண்டறியப்பட்டது' என்று வந்தால் காத்திருக்கலாம். 'ஆராய்கிறோம்' என்றே மணிக்கணக்கில் நின்றால் மாற்று ஏற்பாட்டைப் பாருங்கள். 'சரிசெய்தோம், கவனிக்கிறோம்' என்பதும் முழு நலம் அல்ல. 2025 அக்டோபர் 20, நம்மூரில் தீபாவளி நாள், மதியம் 12:20 வாக்கில் அமேசானின் வர்ஜீனியா சர்வர் மையங்களில் தொடங்கிய டிஎன்எஸ் கோளாறு 3 மணியளவிலேயே சரியானது. அதைச் சார்ந்த மற்றவை முழுதும் எழ மறுநாள் அதிகாலை ஆயிற்று.

யுபிஐக்கு மேற்சொன்ன தளம் தட்டும் கருவிகள் உதவாது, தட்ட முகப்புப் பக்கமே இல்லை. செயலியை மாற்றுவதைவிட வங்கிக் கணக்கை மாற்றி ஒரு ரூபாய் அனுப்புங்கள். போனால் கோளாறு முதல் வங்கியில். எந்த வங்கியிலும் போகவில்லையென்றால் யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் எக்ஸ் கணக்கைப் பாருங்கள். 'நிலுவை' என்று நின்ற தொகையை மறுபடி அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிப் போய்ச் சேராத பணம் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் போனதா என்று திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதும் நல்லதல்ல. 2025 ஏப்ரல் 12 யுபிஐ முடக்கத்துக்கே, சில வங்கிகள் பரிவர்த்தனை நிலையை அளவுக்கு மீறி விசாரித்தது ஒரு காரணம்.

ஐஆர்சிடிசி இரவு 11:45-க்குத் திறக்கவில்லை என்றால் எதையும் சோதிக்க வேண்டாம். அது தினசரிப் பராமரிப்பு நேரம்.

கோளாறு உங்களுக்கு மட்டும் என்று உறுதியானால், வாடிக்கையாளர் சேவைக்கு 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பிழை எண், நிமிடம் வரை துல்லியமான நேரம், எந்த நெட், வேறு நெட்டில் திறந்ததா என்ற நான்கும் வேண்டும். கிளவுட்ஃபிளேர் பிழைப் பக்கம் என்றால் அடியில் 'ரே ஐடி' என்று ஒரு நீளமான எண் இருக்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் அது மாறிவிடும், முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.