பெரு பயணத்துக்கு முன் பயணிகள் மருந்தகம்: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

தகும். அறுபதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போகிறவர்கள் என்றால் கட்டாயம் போங்கள் என்றே சொல்வேன்.

அம்மா, கணவர், மகன், நான் என்று நான்கு பேர் கிளம்பினோம். வீட்டுக்குக் கீழே உள்ள மருந்தகத்தில் முதலில் கேட்டபோது, ‘தென்னமெரிக்காவா, எல்லாருக்கும் எல்லா ஊசியும் போட்டுவிடலாம்’ என்றார்கள். அம்மாவுக்கு வயது 67. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சல்பா மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதனால்தான் பயணிகளுக்கென்றே தனியாக உள்ள மருந்தகத்தில் முன்பதிவு செய்தேன்.

அங்கே மருத்துவர் ஊசிப் பட்டியலைத் தொடவே இல்லை. பயண அட்டவணையை மேசைமேல் விரிக்கச் சொன்னார். எந்த ஊரில் எத்தனை இரவு, அங்கே விமானத்திலா பஸ்ஸிலா, எந்த வழியாகச் சிங்கப்பூர் திரும்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

உதாரணத்துக்கு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பார்ப்போம். பெருவில் அந்த நோய் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, தாழ்வான அமேசான் காட்டுப் பகுதியில் இருக்கிறது. தலைநகர் லிமா, மலை நகரமான குஸ்கோ, பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஊசி தேவையில்லை. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த மருந்து. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு, அரிதாகத்தான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதலாக வரக்கூடும். ஆகவே அம்மாவுக்கு வேண்டாம் என்றார். மகன் மட்டும் அமேசான் பகுதியில் உள்ள புவெர்த்தோ மால்டொனாடோ காட்டுக்குப் போவதாக இருந்தான். அவனுக்கு அன்றைக்கே போட்டு மஞ்சள் புத்தகம் எனப்படும் அனைத்துலகத் தடுப்பூசிச் சான்றிதழில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும்.

திரும்பும் வழியை ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து 6 நாளுக்குள் சிங்கப்பூர் வருபவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடலாம். காட்டுக்குப் போனீர்களா இல்லையா என்று விதி பார்ப்பதில்லை. பெரு முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் லண்டனில் அக்கா வீட்டில் ஒரு வாரத்துக்குமேல் தங்கிவிட்டு வருவதாக இருந்ததால் மூவருக்கும் சிக்கல் இல்லை. நேராகத் திரும்புபவர்கள் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும் என்பதால் நம் ஊர் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது நியாயம்தான்.

உயரம் பற்றிய பேச்சுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தார். கடலோர லிமாவிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோ, ஏறக்குறைய 3,400 மீட்டர். உடம்பு பழக அவகாசமே கிடைக்காது. உயரத்தால் வரும் உடல்நலக் குறைவைத் தடுக்க வழக்கமாகத் தரும் அசெட்டசோலமைட் மாத்திரையைச் சல்பா ஒவ்வாமையால் அம்மாவுக்குத் தரத் தயங்கினார். மாறாக அட்டவணையையே திருப்பிப் போட்டார்: குஸ்கோவில் இறங்கியதும் தங்காமல் காரில் உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள், அது சுமார் 2,870 மீட்டர், பிறகு 2,430 மீட்டரில் உள்ள மச்சு பிச்சு, குஸ்கோவைக் கடைசியில் வையுங்கள். அப்படியே செய்தோம். அம்மா முதல் இரவு லேசான தலைவலியோடு படுத்தார், மறுநாள் எழுந்து நடந்தார். மாத்திரை சாப்பிட்ட எனக்கு விரல் நுனிகள் மரத்து ஊசி குத்துவதுபோல் இருந்தது. அதையும் அவர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

அங்கிருந்த தமிழ்த் தாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மா, தலை வலித்தால் பிள்ளைகள் பயணம் கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உடனே கீழே இறங்கிவிட வேண்டும்’ என்று தமிழில் சொன்னார். அம்மா இதை லிமாவில் எனக்கே திரும்பச் சொல்லிக் காட்டினார். துண்டறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது ஒரு குறை. தமிழ் மட்டும் படிக்கும் மூத்தோருக்கு அது பயன்படாது.

பெரிய குறை ஒன்றும் உண்டு. கொக்கேயின் எடுக்கப்படும் கொக்கா இலையில் போடும் தேநீர் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குஸ்கோ விடுதிகளில் வாசலிலேயே அதை நீட்டுவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, உபசாரமும்கூட. ஆனால் கொக்கா இலை சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் நம் சட்டம் பாயும், அந்தத் தேநீர் குடித்தவரின் சிறுநீரில் கொக்கேயின் சுவடும் தெரியும். பையில் ஒரு பொட்டலம்கூட எடுத்து வராதீர்கள். ‘முன்யா’ என்ற மலைப்புதினாத் தேநீர் கேளுங்கள். வயிற்றுக்கும் இதமானது, மணமும் அருமை.

நடைமுறை மரியாதைகளும் ஆலோசனையில் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் ‘புவெனோஸ் தியாஸ்’ என்று வணங்கிவிட்டுப் பேச வேண்டும். மலைவாழ் பெண்களையும் அவர்கள் வளர்க்கும் லாமா என்ற ஒட்டக இன விலங்குகளையும் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும், பெருவின் பணமான சோல் நாணயங்கள் சில தர வேண்டும். கழிப்பறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் தாங்காது. டாக்சிகளில் மீட்டர் இல்லை, ஏறும் முன்னரே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் பல் துலக்கக்கூட வேண்டாம். நம் ஊர்க் குழாய்ப் பழக்கத்தில் கை தானாகப் போகும்.

ஆலோசனைக் கட்டணம் தனி, ஊசிகளுக்குத் தனி. கையிலிருந்துதான் கட்டினோம். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகள் நால்வருக்கும் போட்டதால் தொகை குறைவல்ல, காத்திருப்பும் நீண்டது. புறப்படுவதற்கு ஆறு வாரமாவது முன்பே போய்விடுங்கள். மருந்துப் பட்டியல், பழைய தடுப்பூசிக் குறிப்பு, திரும்பும் விமான டிக்கெட் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் நேரில் கூட்டிப்போங்கள். அவர்கள் சார்பில் நாம் பதில் சொல்வதைவிட மருத்துவர் அவர்களிடமே கேட்பது நல்லது.